வேட்புமனு நாளுக்கு முன்னரே வாருங்கள்

கரவெட்டியிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரங்களில் கூடும் ஏழு பேர் நாங்கள். எல்லோரும் ஓய்வூதியக்காரர். அடுத்த ஜனாதிபதித் தேர்தலில் நிற்கக்கூடும் என்று பேசப்படும் ஒருவர் இன்னமும் வெளிநாட்டுப் பிரஜை என்று எங்களுக்குப் பலமான சந்தேகம். அவருடைய வெளிநாட்டுக் கடவுச்சீட்டின் படம் தொலைபேசியில் வந்தது. அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். ‘அவர் வெல்லட்டும், பிறகு வழக்குப் போட்டுப் பதவியைப் பறிக்கலாம்’ என்கிறார் எங்களில் ஒருவர். ‘அடிப்படை உரிமை மனுப் போடுவோம்’ என்கிறார் இன்னொருவர். ரொறன்ரோவில் இருக்கும் என் மகனோ, ‘அமெரிக்காவில் ஒபாமாவுக்கு எதிராகச் சனங்கள் போட்ட வழக்கெல்லாம் தள்ளுபடி. 2019இல் கோட்டாபயவுக்கு எதிராகப் போட்டதும் தள்ளுபடி. சாதாரண ஆட்களுக்கு இதில் உரிமையே இல்லை, காசை வீணாக்காதேயுங்கோ அம்மா’ என்கிறான். நாங்கள் 185,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?”

அன்புள்ள ரீச்சர்,

உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமைக்கு ஒரு கலண்டரும் இருக்கிறது. அந்தக் கலண்டரைப் பார்க்காமல் போனவர்கள்தான் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது முக்கியமாக அதைத்தான்.

2019ஐ மகன் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த வழக்கில் என்ன கேட்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. “கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதி வேட்பாளராக நிற்கத் தகுதியற்றவர் என்று அறிவியுங்கள்” என்று எவரும் நேரடியாகக் கேட்கவில்லை. எழுத்தாளர் காமினி வியங்கொட, ஓவியரும் பேராசிரியருமான சந்திரகுப்த தேனுவர என்ற இரண்டு குடிமக்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில், அதிகாரத்தில் இருப்பவரின் செயலைக் கேள்வி கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனு ஒன்றைத் தாக்கல் செய்தார்கள். அவர்கள் கைவைத்தது ஒரு காகிதத்தில். 2005 நவம்பர் 21 என்று திகதியிட்ட இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் அது.

கோட்டாபய 2003இல் அமெரிக்கப் பிரஜையானவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வேறு நாட்டின் பிரஜாவுரிமையை விரும்பி ஏற்பவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கிறார். அதை மீளப் பெற, விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் பிரகடனம் வேண்டும். 2005 நவம்பர் 17இல் தேர்தல் நடந்தது. 19ஆம் திகதி மகிந்த ராஜபக்ஷ பதவியேற்றார். அமைச்சரவை இன்னும் அமைக்கப்படாத அந்த நாட்களில், தம்பியின் சான்றிதழில் அண்ணன் கையொப்பமிட்டார். அமைச்சர் இடவேண்டிய கையொப்பத்தை ஜனாதிபதி இட்டால் அது செல்லுமா? மனுதாரர்களின் கேள்வி இவ்வளவுதான். செல்லாதென்றால் அவர் இலங்கைப் பிரஜை அல்ல. பிரஜை அல்ல என்றால் வாக்காளரும் அல்ல, வேட்பாளரும் அல்ல.

ஒரு கணித ஆசிரியைக்கு இந்தத் தர்க்கத்தின் அழகு புரியும் என்று நினைக்கிறேன். அரசியல் பேச்சு ஒன்றும் அதில் இல்லை. ஒரு திகதி, ஒரு கையொப்பம், ஒரு சட்டப் பிரிவு.

மூன்று நீதியரசர்கள் மூன்று நாட்கள் அந்த மனுவைக் கேட்டார்கள். 2019 ஒக்டோபர் 4ஆம் திகதி வெள்ளிக்கிழமை, ஏகமனதாகத் தள்ளுபடி செய்தார்கள். 2015இல் வந்த 19ஆம் திருத்தத்துக்கு முந்திய அரசியலமைப்பில் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியின் கையிலேயே இருந்தது, ஆகவே அமைச்சர்கள் நியமிக்கப்படும்வரை அமைச்சரின் அதிகாரத்தை அவரே பயன்படுத்தியதில் தவறில்லை என்ற வாதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன் என்று சொல்லமாட்டேன். பிரஜாவுரிமை போன்ற ஒன்றை வழங்கும் அதிகாரத்தைச் சட்டம் ஓர் அமைச்சரிடம் தந்திருந்தால், அந்த அமைச்சர் நியமிக்கப்படும்வரை ஓரிரு நாள் பொறுத்திருப்பதில் நாட்டுக்கு என்ன குறைந்துவிடும்? ஆனாலும் அது ஆராய்ந்து எழுதப்பட்ட தீர்ப்பு. மனுவைக் குப்பைக்கூடையில் போட்ட தீர்ப்பு அல்ல.

அவர்களிடம் நீதிமன்றம் கேட்காத ஒரு கேள்வியைத்தான் மகனுக்கு நீங்கள் சொல்ல வேண்டும். “நீங்கள் யார், உங்களுக்கு இதில் என்ன அலுவல்?” என்று கேட்டு அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பவில்லை. இரண்டு சாதாரண குடிமக்களின் பிரச்சினையாக வந்தது, நாட்டின் பிரச்சினையாகக் கேட்கப்பட்டது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. ஒபாமா ஹொனலுலுவில் 1961 ஓகஸ்ட் 4இல் பிறந்தவர். ஹவாய் மாநிலத்தின் பதிவேடுகளே அதற்குச் சாட்சி. 2011 ஏப்ரலில் முழு விபரப் பிறப்புச் சான்றிதழும் வெளியிடப்பட்டது. அவருக்கு எதிரான குற்றச்சாட்டில் சாரமே இல்லை. ஆனால் வழக்குகள் பெரும்பாலும் அந்தச் சாரத்தை ஆராயும் கட்டம்வரை போகவே இல்லை. அமெரிக்க மத்திய நீதிமன்றங்கள் முதலில் கேட்பது, “மற்ற எல்லோருக்கும் பொதுவான குறை போக, உங்களுக்கென்று தனியாக ஏற்பட்ட பாதிப்பு என்ன?” என்பதைத்தான். வாக்காளர் என்பதைத் தவிர வேறு பதில் இல்லாதவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். 2009இல் ஜோர்ஜியாவில் ஒரு நீதிபதி, இப்படியான வழக்கொன்றைக் கொண்டுவந்த சட்டத்தரணிக்கு 20,000 டொலர் தண்டம் விதித்தார்.

அதே நாட்டில் கொலராடோ மாநிலத்தில் கதை வேறு விதமாகப் போனது. அந்த மாநிலத்தின் தேர்தல் சட்டம் வாக்காளர்களுக்கு வழக்கிட வழி தந்திருந்ததால், ஆறு வாக்காளர்கள் 2023 செப்டெம்பரில் ட்ரம்பின் தகைமையை எதிர்த்தார்கள். கிளர்ச்சியில் ஈடுபட்டவர் பதவி வகிக்க முடியாது என்ற, அமெரிக்க அரசியலமைப்பின் 14ஆம் திருத்தத்தின் 3ஆம் பிரிவுதான் அவர்களின் ஆதாரம். மாநில உச்ச நீதிமன்றத்தில் 4க்கு 3 என்று வென்றார்கள். 2024 மார்ச் 4இல், நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் அந்தத் தீர்ப்பை மாற்றினார்கள். மத்திய பதவிகளுக்கு, அதிலும் ஜனாதிபதிப் பதவிக்கு, அந்தப் பிரிவை ஒரு மாநிலம் தன்பாட்டில் அமுல்படுத்த முடியாது என்றார்கள். ஆகவே வழக்கிடும் உரிமை எங்கே எவ்வளவு என்பது அந்தந்த நாட்டின், சிலவேளை அந்தந்த மாநிலத்தின், சட்டத்தைப் பொறுத்தது. மகன் அங்கிருந்து எங்களுக்குக் கணக்குப் பார்க்க முடியாது.

இனி உங்கள் வாசிகசாலை நண்பர்களிடம் வருகிறேன்.

“வெல்லட்டும், பிறகு பார்ப்போம்” என்ற நண்பர் சொல்வதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான யோசனை. அவர் ஏன் அப்படி நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். கீதா குமாரசிங்கவின் கதை அவர் மனதில் இருக்கலாம். 2015 பொதுத் தேர்தலில் காலி மாவட்டத்தில் வென்று பாராளுமன்றம் போன நடிகை அவர். சுவிற்சர்லாந்துப் பிரஜாவுரிமையும் அவரிடம் இருந்தது. அந்த மாவட்ட வாக்காளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2017 மே மாதத்தில் அவருடைய ஆசனம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பாராளுமன்ற உறுப்பினராக இருந்த டயானா கமகேயின் கதை இன்னும் அண்மையது. அவருக்கு எதிராக ஒரு சமூக செயற்பாட்டாளர் தனியாக வழக்கிட்டார். மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். விடாமல் உயர் நீதிமன்றம் போனார். 2024 மே 8இல், பிரித்தானியப் பிரஜாவுரிமை காரணமாக டயானா பாராளுமன்றத்தில் இருக்கத் தகுதியற்றவர் என்று மூன்று நீதியரசர்களும் ஒருமித்துச் சொன்னார்கள். அப்போது அவர் ஓர் இராஜாங்க அமைச்சர்.

இந்த வழக்குகளுக்குச் சட்டத்தரணிகள் சொல்லும் பெயர் குவோ வொரண்டோ. “எந்த உரிமையில் இந்தக் கதிரையில் இருக்கிறீர்?” என்று கேட்கும் எழுத்தாணை. 2018 டிசம்பர் 3ஆம் திகதி, பிரதமர் பதவியில் இயங்கவிடாமல் மகிந்த ராஜபக்ஷவை மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடையால் நிறுத்தியதும் இதே வழியில்தான். அந்த மனுவைக் கொண்டுபோனவர்கள் 122 பாராளுமன்ற உறுப்பினர்கள்.

எம்.பி.யைக் கேட்கலாம், பிரதமரைக் கேட்கலாம். ஜனாதிபதியை? பதவியேற்ற கணத்திலிருந்து அரசியலமைப்பின் 35ஆம் உறுப்புரை அவரைச் சுற்றி ஒரு மதிலைக் கட்டிவிடுகிறது. பதவியில் இருக்கும்வரை அவருக்கு எதிராகக் குடியியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடுக்க முடியாது. அந்த மதிலில் அரசியலமைப்பே விட்டுவைத்த வாசல்கள் சில உண்டு. உங்கள் விடயத்துக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான். 130ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் தேர்தல் மனு. ஐந்து நீதியரசர்களாவது இருந்து கேட்க வேண்டிய பெரிய வழக்கு அது.

அந்த வாசலால் போனவர்களைப் பாருங்கள். 1988 டிசம்பர் தேர்தலில் பிரேமதாசவிடம் தோற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க, வன்முறையாலும் மிரட்டலாலும் மக்கள் சுதந்திரமாக வாக்களிக்க முடியவில்லை என்று மனுச் செய்தார். தள்ளுபடித் தீர்ப்பு வந்தபோது 1992. அதற்குள் பிரேமதாசவின் ஆறு வருடப் பதவிக்காலத்தில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. 2010இல் சரத் பொன்சேகா போட்ட மனு, அதே ஆண்டே ஆரம்ப ஆட்சேபனைகளில் விழுந்தது. இருவரும் வேட்பாளர்கள். கட்சியும் பணமும் ஜனாதிபதி சட்டத்தரணிகளும் பக்கத்தில் இருந்தவர்கள். அவர்களுக்கே இந்த நிலை என்றால், ஏழு ஓய்வூதியக்காரர் என்ன பாடுபடுவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கான காலக்கெடுவும் வாரக் கணக்கில் எண்ணிவிடக்கூடியது. 38ஆம் உறுப்புரையின் கீழ், ஜனாதிபதியைப் பதவி நீக்கும் குற்றப் பிரேரணை என்று இன்னொரு வழி இருக்கிறது. அது பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் கையில் இருப்பது. உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை.

அடிப்படை உரிமை மனு என்ற மற்ற நண்பரின் யோசனை தவறு என்று சொல்லமாட்டேன். இடம் பொருந்தவில்லை. அந்த மனு அரசின் நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலுக்கு எதிராகப் போடுவது. ஒருவர் தன் வெளிநாட்டுப் பிரஜாவுரிமையைத் துறக்காமல் இருப்பது அரசின் செயல் அல்ல. ஏதாவது ஒரு திணைக்களமோ ஆணைக்குழுவோ சட்டத்துக்கு மாறாக அவருக்கு ஓர் ஆவணம் கொடுத்தால், ஒரு விண்ணப்பத்தை ஏற்றால், அப்போது கேள்வி எழும். அதற்கும் ஒரு மாதம்தான் அவகாசம்.

ஆகவே ஜனாதிபதி விடயத்தில் குடிமகனுக்கு உண்மையில் திறந்திருக்கும் நேரம், தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளுக்கும் வேட்புமனு நாளுக்கும் இடைப்பட்டது. அது எவ்வளவு காலம்? குறைந்தது 16 நாள், கூடினால் 21 நாள். 2019இல் செப்டெம்பர் 18ஆம் திகதி வர்த்தமானி வந்தது, ஒக்டோபர் 7இல் வேட்புமனு. 2024இல் யூலை 26, ஓகஸ்ட் 15. வேட்புமனு நாளில் காலை 9 மணியிலிருந்து 11 மணிவரை மனு ஏற்பார்கள். ஆட்சேபனைக்கு 11.30 வரை நேரம். அந்த மண்டபத்துக்குள் இருப்பவர்கள் வேட்பாளர்களும் அவர்களுடைய ஆட்களும்தான். வெளியே வீதியில் நிற்கும் வாக்காளருக்கு அங்கே குரல் கிடையாது. ஒரு நாட்டின் தலைவரை ஐந்து வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கும் முறையில், தகைமையைச் சரிபார்ப்பதற்கு இவ்வளவு சிறிய நேரத்தை ஒதுக்கியிருப்பது எனக்கு நெடுங்காலமாக மனதை உறுத்தும் விடயம்.

அந்த நாட்களுக்கு முன்பே போனால் என்ன? அங்கும் ஒரு தடை உண்டு. “அவர் இன்னும் வேட்பாளரே இல்லையே” என்பார்கள். வெளிநாட்டுப் பிரஜையாக இருப்பது குற்றம் அல்ல, ரீச்சர். எங்கள் குடும்பங்களில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். அந்தப் பிரஜாவுரிமையை வைத்துக்கொண்டு தேர்தலில் நிற்பதைத்தான் சட்டம் தடுக்கிறது. 2015இல் 19ஆம் திருத்தம் அந்தத் தடையைக் கொண்டுவந்தது. 2020இல் 20ஆம் திருத்தம் எடுத்துவிட்டது. 2022இல் 21ஆம் திருத்தம் மறுபடி வைத்தது. ஆகவே நீங்கள் சந்தேகப்படும் நபர் வர்த்தமானிக்கு முதல்நாள்கூட முறைப்படி துறந்துவிட்டு வரலாம். அப்படிச் செய்தால் உங்களிடம் வழக்கே இல்லை. அதை ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. சட்டம் அவரிடம் கேட்டதை அவர் செய்திருக்கிறார்.

முந்தினாலும் இடமில்லை, பிந்தினாலும் இடமில்லை. அந்த மூன்று கிழமைக்குள், கையில் தயாராக இருக்கும் ஆவணத்தோடு கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிறவருக்குத்தான் இடம். 2019 மனுதாரர்களுக்குக்கூட நேரம் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று பாருங்கள். கோட்டாபயவை வேட்பாளராகக் கட்சி அறிவித்தது ஓகஸ்ட் 11இல். மனு நீதிமன்றம் வந்தது செப்டெம்பர் பிற்பகுதியில். வெள்ளிக்கிழமை தள்ளுபடி, திங்கட்கிழமை வேட்புமனு. தீர்ப்புக்கான முழுக் காரணங்களும் எழுத்தில் வந்தது அதற்குப் பிறகுதான். மேலே உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டியிருந்தால் இடையில் இருந்தது ஒரு சனி, ஒரு ஞாயிறு. டயானா கமகே வழக்கில் கீழே தோற்றவருக்கு மேலே போகக் காலம் இருந்தது. இங்கே இருக்கவில்லை. மேலே போயிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. போவதற்கே நாள் இல்லாமல் போனது என்பதுதான் என் வருத்தம். நவம்பர் 16இல் தேர்தல் நடந்தது. 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளோடு அவர் ஜனாதிபதியானார். அதன்பிறகு அந்தச் சான்றிதழைப் பற்றிப் பேச நீதிமன்றத்தில் எவருக்கும் இலகுவான வழி இருக்கவில்லை.

தாமதத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு விவசாயி என்னிடம் வந்தார். அவருடைய பிரதேச சபையில் உறுப்பினராக இருந்த ஒருவர் அந்தப் பிரிவில் வசிப்பவரே அல்ல என்பது அவர் முறைப்பாடு. ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் எல்லாம் வைத்திருந்தார். வாக்காளர் இடாப்பின் பிரதி, கிராம அலுவலரின் கடிதம், மின்சாரக் கட்டணச் சிட்டைகள். அவ்வளவு ஒழுங்கான ஆதாரத்தை அதற்குப் பிறகும் நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் அவர் வந்தது தேர்தல் முடிந்து பதினான்கு மாதத்துக்குப் பிறகு. “ஊரோடு பகைக்க வேண்டாம் என்று பொறுத்துப் பார்த்தேன் தம்பி” என்றார். எழுத்தாணை என்பது நீதிமன்றம் தன் தற்றுணிபில் தரும் நிவாரணம். பிந்தி வந்தவருக்கு மறுக்கலாம். நீதிபதி கேட்ட முதல் கேள்வி, “இவ்வளவு நாளும் என்ன செய்தீர்கள்?” என்பதுதான். ரின்னைத் திறக்கவே இல்லை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிப் போனது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது உங்கள் ஆவணம். நீங்கள் அனுப்பிய பிரதியை வைத்து நான் ஒரு மனுவில் கையொப்பமிடமாட்டேன். எவர் எடுத்த படம், எங்கே எடுத்தது, மூலம் எங்கே என்று எதற்கும் பதில் இல்லை. கடவுச்சீட்டின் செல்லுபடித் திகதி முடிந்துவிட்டதாகவும் தெரிகிறது. காலாவதியான கடவுச்சீட்டு எதையும் நிரூபிக்காது. அது காலாவதியானதால் பிரஜாவுரிமை போய்விட்டது என்றும் ஆகாது, இன்னும் இருக்கிறது என்றும் ஆகாது. உங்கள் கடிதத்தில் இருந்த பெயரை நான் நீக்கியதும் இதனால்தான். படம் பொய்யாக இருந்தால் ஒரு மனிதரின் பெயரை நாம் கெடுத்தவர்களாவோம். அந்தப் படத்தை வேறு எவருக்கும் அனுப்பாதீர்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபிறகு, பொய்யான ஒன்றைப் பரப்பினால் வரும் தலையிடி சிறியதல்ல.

செய்யக்கூடியது இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். குறித்த நபருக்கு இரட்டைப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் வழங்கப்பட்டதா, வழங்கப்பட்டிருந்தால் எந்தத் திகதியில், எவருடைய கையொப்பத்தில் என்று மட்டும் கேளுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். 14 வேலை நாட்களுக்குள் ஒரு முடிவு சொல்ல வேண்டும். “தனிப்பட்ட தகவல்” என்று மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தே எழுதுங்கள். பெரும் பொதுநலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. மறுத்தால் திணைக்களத்துக்குள்ளேயே மேன்முறையீடு, பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்தப் படிகளை ஏறி முடிக்க மாதங்கள் ஆகும். வர்த்தமானி வந்தபிறகு தொடங்கினால் முதல் படியிலேயே வேட்புமனு நாள் வந்துவிடும். அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். மறுப்புக் கடிதம் வந்தாலும் எறிந்துவிடாதீர்கள். நீங்கள் நித்திரை கொள்ளவில்லை என்று நீதிமன்றத்துக்குக் காட்டும் சாட்சி அதுதான்.

வெளிநாட்டுப் பக்கத்து ஆதாரம் இதைவிடக் கடினம். அமெரிக்கா, தன் பிரஜாவுரிமையைத் துறந்தவர்களின் பெயர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறது. எல்லா நாடும் அப்படிச் செய்வதில்லை. அந்த நாட்டில் ஒரு சட்டத்தரணியிடம், அங்கே பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேடு எதுவென்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மகன் உங்களுக்கு உதவ விரும்பினால் இந்த வேலையைச் செய்யட்டும்.

காசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிப்படையாகச் சொல்கிறேன். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் கட்டவேண்டி வரலாம். 2024 யூலையில், ஜனாதிபதியின் பதவிக்காலம் ஐந்து வருடமா ஆறு வருடமா என்பதைக் கிளப்பி உயர் நீதிமன்றம் போன இருவருக்கு நடந்ததைப் பாருங்கள். தேர்தலை நிறுத்தக் கேட்ட ஒரு தொழிலதிபரின் மனு 8ஆம் திகதி தள்ளுபடியானது. ஒரு இலட்சம் ரூபாய் செலவு கட்டச் சொன்னார்கள். ஒரு கிழமை கழித்து, பதவிக்காலத்தை ஆறிலிருந்து ஐந்து வருடமாகக் குறைத்த 19ஆம் திருத்தமே முறையாக நிறைவேறவில்லை என்று வந்த ஒரு சட்டத்தரணிக்கு ஐந்து இலட்சம். ஐந்து வருடம்தான் என்று 2018 ஜனவரியில், மைத்திரிபால சிறிசேன கேட்டபோதே உயர் நீதிமன்றம் பதில் சொல்லியிருந்தது. தீர்ந்த கேள்வியைத் தேர்தல் வாசலில் வைத்து மறுபடி கேட்டால் நீதிமன்றத்துக்குக் கோபம் வரும். வரவேண்டியதும்தான். மக்கள் வாக்களிக்கும் உரிமையை நிறுத்திவைக்க எவருக்கும் இலகுவில் இடங்கொடுக்கக் கூடாது.

உங்கள் கேள்வி அந்த வகை அல்ல. ஆவணம் உண்மையாக இருந்தால் அது கேட்கப்படவேண்டிய கேள்வி. பொதுநலன் கருதிக் கட்டணம் வாங்காமல் இப்படியான வழக்குகளில் தோன்றும் சட்டத்தரணிகள் கொழும்பில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலும் இருக்கிறார்கள். முத்திரை, தட்டச்சு, மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, கொழும்புப் பயணம் என்று வரும் செலவுக்கு உங்கள் பணம் போதும். சத்தியக் கடதாசியில் மனுதாரராக யார் கையொப்பமிடுவது என்று ஏழு பேரும் பேசி முடிவெடுங்கள். ஒருவரோ இருவரோ போதும். உடல்நிலையும் வீட்டு நிலைமையும் இடங்கொடுக்கிறவராக இருக்கட்டும். பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்டவர்களுக்கு இந்த நாட்டில் தொலைபேசி மிரட்டல்கள் வந்திருக்கின்றன. வீட்டாருக்குத் தெரியாமல் கையொப்பமிடாதீர்கள்.

தகவல் விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுதி அனுப்பு முன் ஒரு பிரதியை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன், அதற்குக் கட்டணம் வேண்டாம். பதிவுத் தபாலில் போட்டு, தபாற்கந்தோர்ப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பியவர் யார், அவருக்கு அனுப்பியவர் யார் என்று விசாரித்து, முடிந்தவரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். மூலப்பிரதியைத் தன் கண்ணால் கண்ட ஒருவர் இருந்தால், அவர் பெயரையும் எங்கே எப்போது கண்டார் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி